கவனக்குறைவு மாத்திரை: வீட்டில் கையாளும் முறை

மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை மருந்துக் கடையில் நீட்டியதும் கடைக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இன்னொரு காப்பி எங்கே?" என்று கேட்கிறார். பூட்டியிருக்கும் அலமாரியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்துத் தருகிறார். அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்ற எழுத்துகள், பக்கத்தில் எச்சரிக்கை வாசகம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்காக அதை வாங்கும் பெற்றோருக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கும். வீட்டுக்கு வந்து கைபேசியில் மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்தால் கலக்கம் இன்னும் கூடும். பல வீடுகளில் மாத்திரை பீரோவிலேயே கிடந்துவிடும். வேறு சில வீடுகளில் எதையும் கேட்டுக்கொள்ளாமல் மறுநாள் காலையே கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டுமே பிள்ளைக்கு நல்லதல்ல.

அந்த அட்டையில் இருப்பது பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட். ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறுக்கு உலகம் முழுவதும் தரப்படும் மருந்து. வெளிநாடுகளில் ரிட்டலின், கன்செர்டா என்ற பெயர்களில் அறியப்பட்டது. நம் ஊரில் இன்ஸ்பைரல், அட்வைஸ் போன்ற பெயர்களில் வருகிறது. மருத்துவத்தில் இது ஊக்க மருந்து என்ற வகையைச் சேர்ந்தது.

இத்தனை பூட்டும் சீட்டும் ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய மருந்து விதிகளில் இது எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். எல்லாக் கடைகளுக்கும் இதை விற்கும் உரிமம் கிடையாது, அதனால்தான் பெரிய மருத்துவமனைகளின் மருந்தகங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் இது கட்டுப்பாட்டில் உள்ள பொருள். நோய் இல்லாதவர்கள் கைக்கு மருந்து போய்விடக் கூடாது, பொடியாக்கி உறிஞ்சப்படக் கூடாது என்பதற்காகப் போட்ட கட்டுப்பாடுகள் இவை. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன வழியில் வாயால் விழுங்கும் பிள்ளையின் நிலைமை வேறு.

ஏற்கெனவே ஓர் இடத்தில் நிற்காத பிள்ளைக்கு ஊக்க மருந்தா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். 1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவருக்கும் இந்த வியப்பு ஏற்பட்டது. அவருடைய மருத்துவமனையில் இருந்த பிள்ளைகளுக்கு மூளைப் பரிசோதனை ஒன்றுக்குப் பிறகு கடும் தலைவலி வந்தது. அது குறையட்டும் என்று பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வகுப்பில் அமர்ந்து பாடம் செய்யத் தொடங்கினார்கள். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். மெத்தில்ஃபெனிடேட் அதற்குப் பின்னால் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தில் பணியாற்றிய லியாண்ட்ரோ பனிசான் 1944-ல் அதை உருவாக்கினார். ரீட்டா என்று அழைக்கப்பட்ட தன் மனைவியின் பெயரிலிருந்தே ரிட்டலின் என்று பெயரிட்டார்.

மூளையின் நெற்றிப் பகுதிதான் கவனத்தைப் பிடித்து வைக்கிறது, அவசரத்தை அடக்குகிறது, ஒரு வேலையை முடிக்கும்வரை மனத்தில் நிறுத்துகிறது. அங்கே நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் டோபமினும் நார்அட்ரினலினும் முக்கியமானவை. ஓர் அணு வெளியிட்ட டோபமினைச் செய்தி முழுதாகப் போய்ச் சேரும் முன்பே அதே அணு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெத்தில்ஃபெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. செய்தி சற்று நேரம் கூடுதலாக நிற்கிறது. தன்னைத் தானே கட்டுப்படுத்தும் பகுதிக்குத்தான் ஊக்கம் கிடைக்கிறது. அதனால் பிள்ளை அமைதியாக உட்கார்ந்திருப்பதுபோல் நமக்குத் தெரிகிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். "மாத்திரை கொடுத்ததும் நன்றாகப் படித்தான், அப்படியானால் அவனுக்கு இந்தக் கோளாறு இருப்பது உறுதி" என்பது அந்த முடிவு. அது சரியல்ல. 1978-ல் ஜூடித் ராப்பபோர்ட்டும் சக ஆய்வாளர்களும் எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு இதே இனத்து மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களும் கூடுதல் கவனத்தோடும் குறைந்த துறுதுறுப்போடும் இருந்தார்கள். மாத்திரை வேலை செய்வது நோயறிதலாகாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். பிள்ளையின் அன்றாடத்தைக் கெடுத்திருக்க வேண்டும். பார்வைக் குறை, காது கேளாமை, தூக்கக் குறைவு, பதற்றம், கற்றல் குறைபாடு ஆகியவையும் கவனக்குறைவுபோலவே தோற்றம் காட்டும், அவற்றையும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினால், தயங்காமல் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். ஆறு வயதுக்குக் கீழே இருந்தால், பெற்றோருக்கான பயிற்சியில்தான் பொதுவாகத் தொடங்குவார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஓடாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல், ஜன்னல் ஓரத்தில் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இந்தக் கோளாறு இருக்கும். 'மந்தம்', 'அக்கறை இல்லாதவள்' என்ற பட்டத்தோடு அவர்கள் பள்ளிப் படிப்பை முடித்துப் போய்விடுகிறார்கள்.

மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவில் 1999-ல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 7 முதல் 9 வயது வரையுள்ள 579 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி 14 மாதம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆய்வுக் குழுவே கவனமாக மருந்து கொடுத்தது. இன்னொன்றுக்கு நடத்தைப் பயிற்சி. மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து. நான்காவது பிரிவு வழக்கம்போல் தங்கள் ஊர் மருத்துவரிடம் போனது. அந்த நான்காவது பிரிவில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இதே வகை மாத்திரையைத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் முதல் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அளவு முன்னேற்றம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆய்வுக் குழு முதல் மாதம் முழுக்க வெவ்வேறு அளவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, எந்த அளவு எந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிறது என்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டுத் தேடியது. பிறகு மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பிள்ளையையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசியது. கவனித்துக் கொடுத்த விதத்தில்தான் முக்கிய வேறுபாடு இருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, மூன்றாம் ஆண்டில் பிரிவுகளுக்கிடையே இருந்த வேறுபாடு கரைந்துவிட்டது என்பதும் உண்மை. கவனமான மேற்பார்வை 14 மாதத்தோடு முடிந்திருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஆகவே தொடக்கம் சிறிதாக இருக்கும். சாதாரண மாத்திரை என்றால் பெரும்பாலும் 5 மி.கி., காலையில் ஒன்று அல்லது காலையும் மதியமும். வாரம் ஒருமுறை 5 அல்லது 10 மி.கி. கூட்டிக்கொண்டே போவார்கள். சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு 60 மி.கி.க்கு மேல் பொதுவாகப் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 10 மி.கி., நம் பிள்ளைக்கு 20 மி.கி. என்றால் நம் பிள்ளையின் நோய் இருமடங்கு பெரியது என்று பொருளல்ல. ஒவ்வோர் உடலும் இந்த மருந்தை ஒவ்வொரு வேகத்தில் கரைக்கிறது. எந்த அளவில் நன்மை நன்றாகத் தெரிந்து தொல்லை குறைவாக இருக்கிறதோ அங்கே நிறுத்துவார்கள். பிள்ளை பொம்மைபோல உட்கார்ந்திருக்கிறான், சிரிப்பே இல்லை, எதிலும் ஆசை இல்லை என்றால் பெற்றோர் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவு கூடிவிட்டதற்கான அடையாளம் அது. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த மருந்து உடலில் தங்கும் நேரம் மிகக் குறைவு. சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடும். மெல்லக் கரையும் வகைகள் எட்டு மணி நேரமும், சில 12 மணி நேரமும் நிற்கும். நேற்றுக் கொடுத்த மாத்திரை இன்று வேலை செய்யாது. பல வாரம் சேர்ந்து சேர்ந்து பலன் தரும் மனச்சோர்வு மருந்துகளின் கணக்கு இதற்குப் பொருந்தாது. நன்மையும் தொல்லையும் பெரும்பாலும் அன்றே வந்து அன்றே போகும். இதனால்தான் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். இப்படி நான்கு வரி போதும்:

"காலை 7.40 முதல் மாத்திரை, அதற்கு முன் மூன்று இட்லி, ஒரு முட்டை. 11.30-க்கு மேல் மறுபடியும் எழுந்து நடந்தான் என்று மிஸ் சொன்னார். 12.15 இரண்டாவது மாத்திரை. டிபன் பாக்ஸ் பாதி திரும்பி வந்தது. 4.30-க்கு காரணமில்லாத அழுகை, அரை மணியில் சரியானது. 10.15 தூக்கம்."

இதைப் பார்க்கும் மருத்துவருக்கு நிறையப் புரியும். முதல் மாத்திரையின் வேகம் இரண்டாவதைக் கொடுக்கும் முன்பே அடங்கிவிடுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பசி இல்லை. மாலையில் மருந்து இறங்கும்போது எரிச்சல் வருகிறது. இரண்டாவது மாத்திரையை அரை மணி முன்னால் நகர்த்தலாமா, மெல்லக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று அவர் யோசிக்க இந்த நான்கு வரிதான் உதவும். "பரவாயில்ல டாக்டர்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மெல்லக் கரையும் மாத்திரையை உடைக்கவோ, மெல்லவோ, பொடித்துப் பாலில் கலக்கவோ கூடாது. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உடலில் இறங்கிவிடும். உள்ளே சிறு மணிகள் உள்ள சில கேப்ஸ்யூல்களை மட்டும் திறந்து ஆறிய உணவில் தூவிக் கடிக்காமல் விழுங்கலாம். உங்களுடையது அந்த வகைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கன்செர்டா வகை மாத்திரையின் கூடு கரையாமல் மலத்தோடு வெளியே வரும். மருந்து அப்படியே வெளியேறிவிட்டது என்று பயந்து இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். வருவது வெறும் கூடு.

காலையில் கொடுக்க மறந்து மதியமாகிவிட்டால் நீண்ட நேர வகையை அன்றைக்கு விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இரவுத் தூக்கம் போய்விடும். எந்த வகையானாலும் மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுப்பது கூடவே கூடாது.

பக்க விளைவுகளில் முதலிடம் பசிக்கு. தாய்மார் அதிகம் கலங்குவதும் இதில்தான். மருந்து ஏறியிருக்கும் நேரத்தில் பசி தெரியாது. அந்த நேரத்தில் ஊட்டி ஊட்டிச் சண்டை போடுவதால் பயனில்லை. மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாட்டைக் கனமாக முடித்துவிடுங்கள். முட்டை, நெய் விட்ட பொங்கல், வேர்க்கடலைச் சட்னியோடு தோசை என எது இறங்குமோ அது. மதிய டப்பா பாதி திரும்பி வந்தால் திட்ட வேண்டாம். மாலையில் மருந்து இறங்கியதும் பசி திரும்பி வரும். ஏழு மணிக்கு ஒரு முறை, படுக்கும் முன் பாலோ பழமோ இன்னொரு முறை எனக் கொடுத்தால் அன்றைய கணக்கு பெரும்பாலும் நேராகிவிடும். "ராத்திரி எட்டு மணிக்கு மேல சாப்பாடு கிடையாது" என்ற வீட்டுச் சட்டத்தை இந்தப் பிள்ளைக்குத் தளர்த்துங்கள்.

வளர்ச்சி பற்றிய பயம் ஆதாரமற்றதல்ல. தொடர்ந்து மருந்து எடுத்த பிள்ளைகள் மூன்று ஆண்டில் சராசரியாக 2 செ.மீ. உயரமும் 2.7 கிலோ எடையும் குறைவாக வளர்ந்ததாக அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. அதனால் அளந்துகொண்டே இருக்க வேண்டும். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி, உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது. இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் ஒவ்வோர் அளவு மாற்றத்தின்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கப்பட வேண்டும். உங்கள் மருத்துவர் பார்க்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வளர்ச்சி வளைகோடு கீழே சரிந்தால் அளவைக் குறைக்கலாம், கோடை விடுமுறையில் இடைவெளி விடலாம். ஆனால் அந்த இடைவெளி மருத்துவரோடு பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டும். சாலையைக் கடக்கும்போது ஓடிவிடுகிற பிள்ளைக்கு விடுமுறையிலும் மருந்து தேவைப்படலாம்.

தூக்கம் தள்ளிப்போவது, தலைவலி, வயிற்றுவலி, எரிச்சல் ஆகியவை தொடக்க வாரங்களில் வருவது வழக்கம். பலருக்குக் குறைந்துவிடும். கண் சிமிட்டல், தோள் உலுக்கல் போன்ற தன்னையறியாத அசைவுகள் புதிதாக வந்தாலோ கூடினாலோ சொல்ல வேண்டும்.

இதயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்து இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சிறிதளவு உயர்த்தும். ஆரோக்கியமான இதயத்துக்கு அது பெரிய சுமையல்ல. முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. பிறவி இதயக் குறை உண்டா? ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா? விளையாடும்போது நெஞ்சு வலித்ததா? குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் பெரும்பாலும் பாட்டியிடம்தான் இருக்கும். சித்தப்பா ஒருவர் இருபது வயதில் 'திடீர்னு போயிட்டார்' என்ற செய்தி இந்த இடத்தில் மிக முக்கியமானது. ஒன்றுக்கேனும் ஆமாம் என்றால் இதய மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

மருந்து எடுக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், அளவுக்கு மீறிய பரபரப்பு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு எதுவானாலும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. விரல் நுனிகள் வெளுத்தோ நீலமாகவோ மாறி வலித்தாலும் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு ஆணுறுப்பு வலியோடு நீண்ட நேரம் விறைத்து நிற்பது அரிதாக நடக்கும். வெட்கப்பட்டு மறைத்தால் நிரந்தரச் சேதம் ஆகலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வளர்ந்த பையனிடம் அப்பாவோ மாமாவோ இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

வேறு மருந்து எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மனநல மருந்து நிறுத்தி 14 நாள் ஆகாமல் இதைத் தொடவே கூடாது. லைனிசோலிட் என்ற கிருமிக்கொல்லிக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அதை நம் நாட்டில் தருகிறார்கள், ஆகவே காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடோயின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் மூக்கடைப்பு நீக்கும் பொருள் இருக்கும், அது இரத்த அழுத்தத்தை மேலும் ஏற்றும். காப்பியும் எனர்ஜி டிரிங்கும் படபடப்பைக் கூட்டும். லேகியம், சூரணம் எடுத்தால் அதையும் மறைக்க வேண்டாம். கண் நீர் அழுத்தம், தைராய்டு மிகைப்பு இருப்பவர்களும் சொல்லியாக வேண்டும்.

"அடிமையாகிவிடுவானா?" என்பது கேட்கத் தயங்கி எல்லோரும் மனத்துக்குள் வைத்திருக்கும் கேள்வி. மருத்துவர் சொன்ன அளவில் வாயால் எடுக்கும்போது மருந்து மூளைக்கு மெதுவாகவே போய்ச் சேர்கிறது. போதைக்குத் தேவையான திடீர் எழுச்சி அதில் கிடைப்பதில்லை. சிறு வயதில் சிகிச்சை பெற்றவர்கள் பின்னாளில் போதைப் பழக்கத்துக்கு அதிகம் போகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டவில்லை. மருந்து கை மாறும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் இத்தகைய ஊக்க மருந்துகள் எல்லாவற்றின் எச்சரிக்கைப் பெட்டியையும் திருத்தி, மற்றவர்களோடு பகிர்வதால் வரும் கேட்டை அதில் வலியுறுத்தியது.

விடுதியில் தங்கி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் நண்பனிடம் ஒரு மாத்திரை கேட்பது நடக்கக்கூடிய விஷயம். அவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். 2023-ல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், எந்தக் கோளாறும் இல்லாத 40 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட் உள்ளிட்ட மருந்துகளைக் கொடுத்துக் கடினமான புதிர்க் கணக்குகளைத் தந்தார்கள். மருந்து எடுத்தபோது அவர்கள் அதிக நேரம், அதிக முனைப்போடு வேலை செய்தார்கள். ஆனால் அந்த உழைப்பின் தரம் குறைந்தது, விடைகள் மேம்படவில்லை. கோளாறு இல்லாத மூளைக்கு இது மதிப்பெண் தராது. இதயக் கோளாறு ஒளிந்திருக்கும் நண்பனுக்கு ஒரே மாத்திரையும் ஆபத்தாகலாம். கொடுத்தவன்மீது சட்டமும் பாயும்.

ஆகவே மாத்திரை பூஜை அலமாரியிலோ ஃபிரிட்ஜ் மேலோ இருக்கக் கூடாது. பூட்டிய இடத்தில், எண்ணிக்கையோடு, பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். மதிய மாத்திரை பென்சில் பெட்டியில் போகக் கூடாது. பள்ளி நிர்வாகத்திடம் மருத்துவரின் கடிதத்தோடு ஒப்படையுங்கள். தங்கையோ தம்பியோ தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். 108-ஐ அழையுங்கள்.

சில நடைமுறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டின் இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி எக்ஸ் பட்டியல் மருந்துகளைக் காணொளி வழியாகவோ தொலைபேசியிலோ எழுதிக்கொடுக்க முடியாது. நேரில் போகத்தான் வேண்டும். அதனால் அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே தேதி வாங்கிவிடுங்கள். வெளிநாடு போனால் மருந்தை அட்டையோடும் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள். அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகள் முன் அனுமதி கேட்கும். மாநில, தேசிய அளவில் போட்டியிடும் பிள்ளை என்றால், போட்டிக் காலத்தில் இது தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் சிகிச்சைக்கான விலக்கு முன்பே வாங்க வேண்டும்.

எல்லோருக்கும் இந்த மருந்து ஒத்துவராது. பதற்றம் கூடுகிறது, எடை விழுகிறது என்றால் ஆட்டோமாக்ஸெட்டின் என்ற ஊக்க மருந்தல்லாத வகை இருக்கிறது. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். குளோனிடினும் சிலருக்கு உதவும். பெரியவர்களுக்கும் இந்தக் கோளாறு உண்டு, மெத்தில்ஃபெனிடேட் அவர்களுக்கும் தரப்படுகிறது. அவர்கள் மதுவைத் தவிர்க்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். 2018-ல் வெளியான, 133 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி, பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் குறுகிய காலத்தில் நன்மையையும் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்த்தால் மெத்தில்ஃபெனிடேட்தான் முதல் தேர்வு என்றது. குறுகிய காலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, இன்னும் மருந்து தேவையா என்ற கேள்வியை மருத்துவரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மருந்து பாடத்தைக் கற்றுக்கொடுக்காது. வாசிப்புக் குறைபாடு இருந்தால் அதற்கான பயிற்சி தனியாக வேண்டும். முன் பெஞ்சில் இடம், வேலையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது, சரியாகச் செய்ததை அந்த நொடியே பாராட்டுவது ஆகியவை மாத்திரையோடு சேர்ந்து நடக்க வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கோ போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை குறும்பு செய்ததும் "இன்னைக்கு மாத்திரை போடலையா?" என்று பலர் முன்னால் கேட்காதீர்கள். தான் நல்லவனாக இருப்பது மாத்திரையால்தான் என்று நம்பத் தொடங்கும் பிள்ளை, பதின்வயதில் முதல் வேலையாக அந்த மாத்திரையைத்தான் தூக்கி எறிவான். கேட்க வேண்டியதிருந்தால் அம்மாவையோ அப்பாவையோ தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.